ஏழு வயதுப் பையனுக்கு பைனாகுலர்: மூவாயிரத்துக்குள் எதை வாங்குவது?

மூன்றாங்கட்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தேவகோட்டைப் பக்கம். மகனுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவனைக் கொள்ளுகுடிப்பட்டிப் பறவைச் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனோம். கண்மாய்க்குள் நிற்கிற மரமெல்லாம் நாரையும் கொக்கும்தான். கரையில் நின்ற பெரியவர் ஒருவர் தன் கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றி இவனிடம் கொடுத்தார். கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலைம்மா, கறுப்பா இருக்கு" என்றான். அவரும் திருகிப் பார்த்தார், நானும் திருகிப் பார்த்தேன். கடைசியில் ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் பார்த்தான். அந்த ஒற்றைக் கண்ணுக்குள் என்ன தெரிந்ததோ, அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை.

பேரன் கேட்கிறான் என்று என் மாமியார் பெட்டகத்தைத் திறந்து, அவனுடைய பாட்டையா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். பித்தளை, மேலே தோல் ஒட்டியது, உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவில் மடக்கே கிடையாது. உள்ளே பார்த்தால் ஒட்டடை படிந்த மாதிரி இருக்கிறது. அதிலும் அவனுக்கு ஒரு கண்தான்.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறோம். 3,000 ரூபாய், மிஞ்சிப்போனால் 3,500. ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு '30×60, இரவிலும் தெரியும்' என்று ஒன்று வருகிறது. இங்கே கடையில் கேட்டால் 10×50 வாங்குங்கள், அதுதான் பெரிசாகக் காட்டும் என்கிறார்கள். எனக்கு இந்த எண்களே புரியவில்லை. பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை

அக்கா, உங்கள் பையனுக்குக் கறுப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் அவன் பிடிக்கத் தெரியாமல் பிடித்தது இல்லை. அந்தப் பெரியவரின் பைனாகுலர் அவன் முகத்துக்குச் சேரவில்லை. அவ்வளவுதான்.

நமக்கெல்லாம் ஒரு கண்மணிக்கும் மற்றதற்கும் நடுவே 60 முதல் 65 மி.மீ. வரை இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 50க்கும் 55க்கும் நடுவில்தான் இருக்கும். பெரியவர்களுக்குச் செய்கிற பைனாகுலர் நிறையவற்றை எவ்வளவு மடக்கினாலும் 56 மி.மீ.க்குக் கீழே வராது. அதனால் ஒரு குழாய் கண்ணுக்கு நேரே நின்றால் இன்னொன்று கன்னப்பொட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிள்ளைக்கு ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் இருட்டு.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பையனை முகப்பில் உட்காரவைத்து, தெருக்கோடியில் ஏதாவது ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூட ஸ்கேலை அவன் புருவத்துக்குக் கீழே, மூக்குத்தண்டின் மேல் கிடைமட்டமாகப் பிடியுங்கள். கண்மணியின் நடுவைக் குறிவைத்து அளப்பது கஷ்டம். இடது கண்ணின் கருவிழி வெளி ஓரத்திலிருந்து வலது கண்ணின் கருவிழி உள் ஓரம்வரை அளந்தாலும் அதே அளவுதான் வரும். மூன்று தடவை அளந்து பாருங்கள். அந்த எண் கையில் இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள்.

இப்போது பெட்டியில் போட்டிருக்கிற எண்கள். 8×21 என்றால் எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும், முன்பக்கத்துப் பெரிய கண்ணாடியின் அகலம் 21 மி.மீ. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 2.6. உங்கள் கண்ணுக்கு வந்து சேருகிற வெளிச்ச வட்டத்தின் அகலம் அது, மி.மீ. கணக்கில். 6×30க்கு அது 5, 8×30க்கு 3.75. அந்த வட்டம் பெரிதாக இருந்தால் பிள்ளை கண்ணைக் கொஞ்சம் அப்படி இப்படி அசைத்தாலும் படம் மறையாது. சின்னதாக இருந்தால் தலை துளி நகர்ந்தாலும் இருட்டிவிடும். பெரியவர்கள் பழக்கத்தில் சமாளித்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு அங்கேதான் பொறுமை போய்விடும்.

பள்ளத்தூர்த் தம்பி

அந்த 1,200 ரூபாய்ச் சாமானை மட்டும் வாங்காதீர்கள் அக்கா. போன வருஷம் என் அக்கா மகளுக்கு வாங்கிக் கொடுத்து அவள் முகம் வாடியதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

'30×60' என்று போட்டிருந்தது. 60 என்றால் முன்கண்ணாடி ஆறு சென்டிமீட்டர் அகலம் இருக்கவேண்டும் இல்லையா? ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 22 மி.மீ. அதே குழாய் மேலே இன்னொரு வரி: '126 மீ / 1000 மீ'. ஆயிரம் மீட்டர் தூரத்தில் 126 மீட்டர் அகலம் தெரியும் என்று அர்த்தம், சுமார் 7.2 டிகிரி. அதை முப்பது மடங்கு பெரிதாக்கினால் 216 டிகிரி. இரண்டு காதுக்கும் பின்னால் இருப்பதுகூடத் தெரியவேண்டும். எழுதியிருக்கிற இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று சேரவே சேராது. உண்மையில் அது ஏழெட்டு மடங்குதான் காட்டியது, அதுவும் கலங்கலாக.

முன்கண்ணாடி குங்குமச் சிவப்பாக மின்னியது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்துப்போகிறது. ஆனால் அந்தப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் உள்ளே பார்த்தால் எல்லாம் பச்சை பாய்ந்து மங்கலாகத் தெரிகிறது. 'இரவிலும் தெரியும்' என்பது சுத்தப் பொய். இருட்டில் பார்ப்பதற்கு வேறு கருவி இருக்கிறது, அதன் விலையே வேறு.

பாவம், அந்தப் பிள்ளை இரண்டு நாள் மைனாவைத் தேடிவிட்டு, "மாமா, எனக்குத்தான் பார்க்கத் தெரியலை போல" என்றது. எனக்கு மனசே ஆறவில்லை.

நெற்குப்பை அண்ணன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தங்கச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை ஏழு வயதிலேயே நிற்கப்போவது இல்லை. நாலு வருஷத்தில் கண் அகலம் கூடிவிடும், கையில் வலுவும் வந்துவிடும். 10×50 ஒன்று வாங்கினால் கல்லூரி வரைக்கும் ஓடும். நம் ஊர்களில் இன்னும் இருட்டான வானம் இருக்கிறது. மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு அதில் கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிகிற இடத்தில் வைரத்தை அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும். சின்னப் பைனாகுலரில் அந்தச் சுகம் வராது. இருமுறை செலவு செய்வதைவிட ஒருமுறை உருப்படியாகச் செய்துவிடலாமே.

ஓய்வு வாத்தியார்

நெற்குப்பைத் தம்பி சொல்கிற வானம் உண்மை. ஆனால் 10×50 ஒன்று கிட்டத்தட்ட 900 கிராம் கனம். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை முகத்துக்கு நேரே இரண்டு நிமிஷம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், பெரியவர்களுக்கே கை நடுங்கும். அந்த நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கித்தான் அது காட்டும். வேலையில் இருந்தபோது வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போவேன். பத்து மடங்கு ஒன்றும் எட்டு மடங்கு ஒன்றும் கொண்டுபோவேன். முதலில் எல்லோரும் பத்துக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். கால்மணி நேரத்தில் பத்து என் கைக்குத் திரும்பி வந்துவிடும். எட்டுக்கு வரிசை நிற்கும்.

காரணம் சுலபம். மடங்கு கூடக்கூடத் தெரிகிற இடம் குறுகும். ஆறு மடங்குக் கருவியில் பொதுவாக 8 டிகிரி அளவுக்கு விரிவாகத் தெரியும். அதாவது ஆயிரம் மீட்டரில் 140 மீட்டர். பிள்ளைக்குப் பறவை பெரிதாகத் தெரிவது அப்புறம். முதலில் பறவை *கிடைக்க* வேண்டும். மரத்தில் இருப்பதை வெறுங்கண்ணில் பார்த்துவிட்டு, கருவியை வைத்ததும் அது அங்கே இருந்தால் போதும், பிள்ளை அன்றைக்கே அதற்கு வசப்பட்டுவிடும்.

நாலு வருஷம் கழித்துப் பயன்படுவதை இன்றைக்கு வாங்கினால், பையன் இந்த நாலு வருஷமும் அதைப் பெட்டகத்தில்தான் பார்ப்பான். இந்த நாலு வருஷம்தான் அம்மா ஆசை முளைக்கிற வயசு. ஆறிலிருந்து எட்டு மடங்குக்குள், அரைக்கிலோவுக்குள், அவன் கண்ணுக்கு மடங்குகிற மாதிரி வாங்கிக் கொடுங்கள்.

மூன்றாங்கட்டு

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் அளந்தேன். மூன்று தடவையும் 51தான். வாத்தியார் ஐயா சொன்னபடி 8×30 ஒன்றைப் பார்த்தேன், ஆனால் விவரத்தில் '56–72' என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அது இவனுக்குச் சேராது, சரிதானே? இரண்டு மடக்கு வைத்த சின்ன 8×21 எவ்வளவு வேண்டுமானாலும் ஒடுங்கும் என்கிறார்கள். ஆனால் கண்மாய்க்கரைத் தம்பியின் கணக்குப்படி அதில் வட்டம் 2.6தான். ஒன்று முகத்துக்குச் சேரவில்லை, மற்றது கண்ணுக்குச் சிரமம். இதில் எதை விட்டுக்கொடுப்பது?

கண்மாய்க்கரை

சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் அக்கா. இந்த விலையில் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும்.

முகத்துக்குச் சேருவதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 5 மி.மீ. வட்டம் இருந்தாலும் அது கண்ணுக்கு நேரே வராவிட்டால் ஒன்றும் இல்லை. 2.6 வட்டம் கண்ணுக்கு நேரே வந்தால் பகல் வெளிச்சத்தில் தாராளமாகப் போதும், வெயிலில் கண்மணியே இரண்டு மூன்று மி.மீ.க்குத்தான் திறந்திருக்கும். சாயங்காலம் இருட்டத் தொடங்கினால்தான் மங்கும்.

இன்னொரு வகையும் உண்டு. முன்கண்ணாடிகள் இரண்டும் நெருங்கி, கண் வைக்கிற பக்கம் அகன்று இருக்கும், கையடக்கம். அதில் மடக்கு ஒன்றுதான், பிடிக்கச் சுலபம். சிலது 50 வரை ஒடுங்கும், சிலது ஒடுங்காது. பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். பெண்டாக்ஸ் கம்பெனியின் பாப்பிலியோ 6.5×21 அந்த வகைதான். அரை மீட்டரில் உட்கார்ந்திருக்கிற தட்டானின் கண்ணைக்கூடக் காட்டும். உங்கள் தொகைக்குள் வராது, யாராவது பழையது விற்றாலும் எதுவரை ஒடுங்குகிறது என்று பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

நிக்கான், செலஸ்ட்ரான் மாதிரி தெரிந்த பெயர்களில் 8×21 பாருங்கள். கனம் 200 கிராம் வாக்கில்தான் வரும். விலை ஏறும் இறங்கும், அதனால் நான் எண் சொல்லவில்லை. 8–24 என்று மடங்கை மாற்றுகிற ஜூம் வகை வேண்டாம். திருகி ஃபோகஸ் செய்கிற சக்கரமே இல்லாத வகையும் வேண்டாம், கிட்டத்தில் வருகிற தேன்சிட்டு அதில் தெளியாது.

லென்ஸ் பட்டறை

காரைக்குடியில் கேமரா, பைனாகுலர் பழுது பார்க்கிறவன். முதலில் அந்த ரங்கூன் சாமானைப் பற்றி. நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது நாடகம் பார்க்கிற பைனாகுலர். மூன்று மடங்கு வாக்கில் காட்டும், உள்ளே பட்டகம் (பிரிசம்) இருக்காது. நடுவில் மடக்கு இல்லாததால் பெரியவர் கண் அகலத்துக்கே நிற்கும். ஒட்டடை மாதிரி என்றீர்களே, அது பூஞ்சை. மழைக்காலத்து ஈரம் அடைபட்ட பெட்டிக்குள் போய், வெளிச்சமும் காற்றும் இல்லாமல் இருந்தால் கண்ணாடிமேல் கிளைவிட்டுப் படரும். எடுத்துத் துடைக்கலாம், ஆனால் கண்ணாடியைத் தின்றிருந்தால் தழும்பு போகாது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இதற்கு ஆசைப்பட்டு விலை கேட்பார்கள். வீட்டுச் சாமானை விற்றுவிடாதீர்கள். ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

புதிது வாங்கக் கடைக்குப் போகும்போது இதைச் செய்து பாருங்கள். ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சமான சுவரைக் காட்டினால், கண் வைக்கிற கண்ணாடியில் சின்ன வெள்ளை வட்டம் மிதக்கும். முழு வட்டமாக இருந்தால் உள்ளே உள்ள பட்டகம் நல்ல கண்ணாடி, பாக்-4 என்பார்கள். ஓரம் நாலு பக்கமும் வெட்டின மாதிரி மங்கினால் கொஞ்சம் மட்டம், பிகே-7. அது ஒன்றும் பெரிய குற்றம் இல்லை, விலைக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்ததுதான் முக்கியம். கடை வாசலுக்கு வந்து தூரத்தில் போகிற கரண்டுக் கம்பியைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே கருவியைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் தள்ளுங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே மட்டத்தில் போகவேண்டும். ஒன்றில் மேலே ஒன்றில் கீழே என்று போனால் இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. கீழே விழுந்ததாகவோ சரியாகச் சேர்க்காததாகவோ இருக்கும். அதில் பார்த்தால் மூளை இரண்டு படத்தையும் இழுத்து ஒன்றாக்கப் பாடுபடும், கால்மணியில் தலைவலி வரும். பிள்ளைக்கு 'தலை வலிக்குது, இது இப்படித்தான் போல' என்று தோன்றும், சொல்லவும் தெரியாது. இந்தச் சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினாலும் திருப்பி அனுப்புகிற நாள் முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

முன்கண்ணாடியில் டியூப்லைட் விழுகிற மாதிரி பிடித்தால் பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கலாகப் பளபளக்கவேண்டும். வெள்ளையாக அப்படியே அடித்தால் பூச்சு இல்லை.

துடைப்பதற்குச் சட்டைத் துணி கூடவே கூடாது. நம் செம்மண் புழுதியில் மணல் இருக்கும், தேய்த்தால் கீறும். ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அப்புறம் கண்ணாடித் துணி.

ஆத்தங்குடி அம்மா

குறுக்கே ஒரு கேள்வி. என் மகள் ஒன்பது வயது, பவர் கண்ணாடி போடுகிறாள். கழற்றிவிட்டுப் பார்க்கவேண்டுமா? தம்பிக்கு நாலு வயது, அவனும் கேட்கிறான்.

லென்ஸ் பட்டறை

கழற்றவேண்டாம் அக்கா. கண் வைக்கிற ரப்பர் வளையத்தைக் கீழே மடித்துவிட்டு, கண்ணாடியோடு பார்க்கட்டும். விவரத்தில் ஐ ரிலீஃப் என்று ஒன்று போட்டிருப்பார்கள், கருவியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைக்கலாம் என்கிற அளவு. அது 15 மி.மீ.யாவது இருந்தால் முழு வட்டமும் தெரியும். சின்ன 8×21களில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், பார்த்து எடுங்கள்.

நாலு வயதுக்கு விளையாட்டுச் சாமானே போதும். அதிலும் சூரியனைப் பார்க்கவிடாதீர்கள்.

ஓய்வு வாத்தியார்

சூரியன் பேச்சு வந்தது நல்லதாயிற்று. எல்லாப் பெற்றோரும் இதைப் படிக்கவேண்டும். பைனாகுலர் வழியாகச் சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் விழித்திரை வெந்துபோகும். அங்கே வலி தெரிகிற நரம்பு இல்லை, அதனால் பிள்ளைக்குச் சுட்டதே தெரியாது. கருவியைக் கையில் கொடுக்கும் அன்றைக்கே, கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கழுகு, பருந்து வட்டமிடுவதைப் பின்தொடரும்போதுதான் தவறிச் சூரியனுக்குள் போய்விடும். முதுகில் வெயில் படுகிற மாதிரி நிற்கப் பழக்குங்கள். பறவைக்கும் அதுதான் நல்ல வெளிச்சம்.

மூன்றாங்கட்டு

வாங்கிவிட்டோம்.

சனிக்கிழமை மதுரைக்குப் போனபோது பெரிய கடை ஒன்றில் மூன்று எடுத்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் முதலில் 10×25ஐத்தான் நீட்டினார். நான் ஸ்கேலையும் 51ஐயும் சொன்னதும் ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார். வாசலுக்கு வந்து கரண்டுக் கம்பிச் சோதனை செய்தோம். இரண்டாவதாக எடுத்ததில் கம்பி ஒரு பக்கம் மேலே போனது. அவருக்கே அது புதிது. மூன்றாவது, இரண்டு மடக்கு 8×21, கம்பி ஒரே கோடாக நின்றது. 2,900 ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும் புதுச் சிக்கல். இரண்டு மடக்கு இருப்பதால் இவன் ஒன்றை அசைத்தால் மற்றதும் தளர்கிறது. நான் சரிசெய்து கொடுப்பேன், நாலு எட்டு ஓடுவான், மறுபடி கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க "அம்மா கறுப்பு, அம்மா கறுப்பு" என்று பின்னாலேயே வந்தான். தப்பாக வாங்கிவிட்டோமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்மாய்க்கரை

தப்பில்லை அக்கா, வைத்துக்கொள்ளுங்கள். இடது மடக்கை முழுக்க விரித்து நிறுத்துங்கள். மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி அசையாமல் செய்துவிடுங்கள், பின்னால் பிசின் இல்லாமல் உரித்துவிடலாம். இனி வலது மடக்கு மட்டும்தான் வேலை செய்யும். பையன் கண்ணில் வைத்திருக்கும்போதே நீங்கள் அதை மெதுவாக ஒடுக்கிக்கொண்டு வாருங்கள். இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகிறபோது "இப்ப ஒண்ணு" என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த இடத்தில் மடக்கின் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் நகப்பூச்சால் ஒரு பொட்டு. காய்ந்ததும் பொட்டு இரண்டாகப் பிரியும், மறுபடி நேருக்கு நேர் வைத்தால் அதுதான் அவன் அளவு.

ஓய்வு வாத்தியார்

அது முடிந்ததும் உடனே பறவைக்குப் போகாதீர்கள் அம்மா. முதலில் நகராத பெரிய பொருள். உங்கள் தெருவிலேயே வீட்டு முகப்பு உச்சியில் கஜலட்சுமி சுதைச் சிற்பம் இருக்கும். எதிர்த்த வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, முழங்கையை முழங்காலில் ஊன்றச் சொல்லுங்கள். யானையின் துதிக்கை நுனியைக் கண்ணாலேயே பார்க்கட்டும். பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரட்டும். பிள்ளைகள் குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்வார்கள், அதில்தான் இடம் தவறும். பத்துத் தடவை செய்தால் கை பழகிவிடும்.

வலது கண்குழாயில் தனியாக ஒரு திருகு இருக்கும். இடது, வலது கண்ணுக்குள்ள வித்தியாசத்தைச் சரிசெய்ய. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணை மூடத் தெரியாது, மூடினால் மற்றதும் சுருங்கும். அதனால் நீங்கள் உள்ளங்கையால் வலது முன்கண்ணாடியை மறைத்து, நடுச் சக்கரத்தை அவனையே திருகித் தெளியவைக்கச் சொல்லுங்கள். அடுத்து இடதை மறைத்து, வலது திருகு. ஒருமுறை வைத்தால் அப்படியே இருக்கட்டும்.

சிற்பத்துக்குப் பிறகு ஊருணிக்குப் போங்கள். மீன்கொத்தி ஒரே இடத்தில் வந்து வந்து உட்காரும், நல்ல வாத்தியார்.

நெற்குப்பை அண்ணன்

தங்கச்சி, நான் என் 10×50ஐ அண்ணன் மகனிடம் கொடுத்துப் பார்த்தேன். எட்டு வயது அவனுக்கு. வாத்தியார் ஐயா சொன்னதுதான் நடந்தது, இரண்டு நிமிஷத்தில் கீழே இறக்கிவிட்டான். ஆனால் மாடிச் சுவரில் தலையணை போட்டு அதன்மேல் வைத்துக் கொடுத்தேன், நிலாவை விட்டு நகரவில்லை. அதனால் பறவைக்கு உங்கள் வழி, வானத்துக்கு என் வழி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 8×21லேயே நிலாக் குழிகள் தெரியும். பௌர்ணமியில் பார்க்காதீர்கள், தட்டையாக இருக்கும். அரை நிலா அன்று, வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோட்டு ஓரமாகப் பாருங்கள்.

பள்ளத்தூர்த் தம்பி

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது அக்கா, 2015லிருந்து வருஷா வருஷம். பதினைந்து நிமிஷம் ஓர் இடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி இ-பேர்டு என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். வீட்டுக் கொல்லையில் நின்றும் எண்ணலாம். நான் அக்கா மகளுக்கு இந்த இழையைப் படித்துவிட்டு உருப்படியாக ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போவோமா?

மூன்றாங்கட்டு

கட்டாயம் போவோம் தம்பி. இப்போது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டேப் சுற்றினேன். நகப்பூச்சு என்னிடம் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாங்கி ரோஸ் நிறத்தில் பொட்டு வைத்தேன். ஐந்து நாள் திண்ணையில் கஜலட்சுமிதான். மூன்றாம் நாள், "அம்மா, இடது யானைக்குக் கண்ணு வரையலை" என்றான். கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம் அந்த வாசலைக் கடந்துதான் போய்வருகிறேன். வாங்கிப் பார்த்தேன். ஆமாம், வண்ணம் அடித்தவர் விட்டுவிட்டார்.

நேற்றுக் காலை மறுபடி கொள்ளுகுடிப்பட்டி. ஆறே முக்காலுக்கெல்லாம் கரையில் நின்றோம். அந்த ஊர்க்காரர்கள் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை என்று அவனிடம் வழியிலேயே சொல்லியிருந்தேன். அதனால் காரிலிருந்து இறங்கியதிலிருந்து ரகசியக் குரலில்தான் பேசினான். வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றான், நான் சொல்லவில்லை. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் சந்து விட்டிருப்பதைத் தானே கண்டுபிடித்தான். "உடைஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டான். நத்தையைப் பிடிப்பதற்கு அப்படி என்றேன். அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஒரு கிளையில் சாம்பலாக ஒன்று கழுத்தைச் சுருக்கித் தூங்கிக்கொண்டிருந்தது, எனக்கு அது இலை மறைவில் கட்டிவைத்த துணிமூட்டை மாதிரிதான் தெரிந்தது. இவன் கையை இறக்காமலேயே என் முந்தானையை இழுத்தான்.

"அம்மா, அது முழிச்சிருச்சு. கண்ணு செக்கச்செவேல்னு இருக்கு."

வக்கா. கரையில் இருந்த காவலர்தான் பெயர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தாவிடம் ஓடினான். அவர்களுக்குக் கோவில் கோபுரத்துக் கலசத்தைக் கிட்டத்தில் பார்க்கவேண்டுமாம். மாடிக்குக் கூட்டிப்போய்க் கொடுத்தான், அவர்கள் முகத்துக்கு மடக்கை அகட்டவேண்டி வந்தது. பார்த்து முடித்துக் கையில் கொடுத்ததும் கீழே உட்கார்ந்து, ரோஸ் பொட்டு இரண்டும் ஒட்டுகிறதா என்று நகத்தால் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அடுத்த கேள்வியை அவன்தான் கேட்கச் சொன்னான்: எங்கள் வீட்டின் மூன்றாங்கட்டு ஓட்டுக்குள் ராத்திரி சீறுகிற சத்தம் கேட்கிறது. கூகையாக இருக்குமா? சாயங்காலம் எத்தனை மணிக்கு வெளியே வரும்?

கண்மாய்க்கரை

சீறினால் கூகைதான், குஞ்சு இருக்கலாம். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் வரும். டார்ச் அடிக்காதீர்கள். முற்றத்தில் விளக்கை அணைத்துவிட்டு, பைனாகுலர் இல்லாமலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்.